பார்மட் செய்யட்டுமா?

தமிழில் இலக்கியம் படிக்கிறவர்களின் புத்தக அலமாரி இன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதி மரத்தட்டில் இருக்கிறது. மறுபாதி உள்ளங்கையளவே உள்ள ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த மறுபாதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’, 1970இல் வெளிவரத் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற இதழ்களின் ஸ்கேன் செய்த பக்கங்கள், கூட்டங்களில் பதிவான உரைகள், மறைந்துவிட்ட எழுத்தாளர்களின் கடிதங்கள், பாதியில் நிற்கும் நாவல்கள், ஒரே மொழிபெயர்ப்பின் மூன்று நான்கு வரைவுகள் என எல்லாம் அந்தப் பெட்டியில்தான் சென்று சேர்கின்றன. சில நூறு பிரதிகளே அச்சான சிற்றிதழ் ஒன்றை ஸ்கேன் செய்து முடித்ததும், இடத்தை அடைக்கிறது என்று தாள்பிரதியைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடும் வீடுகளும் உண்டு. அதன்பின் அந்த இதழ், அந்த வீட்டைப் பொறுத்தவரை, பெட்டிக்குள் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

ஒருநாள் கணினி அந்தப் பெட்டியை அடையாளம் காண மறுக்கிறது. கேபிளைச் செருகினால் வழக்கமாகக் கேட்கும் ஓசை கேட்பதில்லை. திரையில் வரவேண்டிய சின்னம் வருவதில்லை. அல்லது சின்னம் வருகிறது, அதைச் சொடுக்கினால், இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்ற கேள்வி வந்து நிற்கிறது. இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வன்தட்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள்; அல்லது கணினியே கேட்கிறதே என்று ‘ஆம்’ என்பதை அழுத்திவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது எங்கள் கருத்து. இவ்விரண்டுக்கும் இடையில் பொறுமையாகச் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதைப் பொறியாளர்கள் மட்டுமே செய்யமுடியும் என்பதுமில்லை. பழைய சுவடியொன்றைக் கையில் எடுப்பவனுக்கு இருக்கவேண்டிய நிதானம் இருந்தால் போதும்.

முதலில், ‘அடையாளம் காண்பது’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கேபிளைச் செருகுவதற்கும் கோப்புகள் திரையில் தோன்றுவதற்கும் இடையிலான சில நொடிகளில் ஒரு சங்கிலி நிகழ்கிறது. மின்சாரம் பெட்டிக்குள் செல்கிறது. மோட்டார் தட்டுகளைச் சுழற்றுகிறது. பெட்டிக்குள் இருக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை, தான் இன்னார் என்று யூஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தெரிவிக்கிறது. இயங்குதளம், வட்டு எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையைப் படிக்கிறது. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் கோப்பு முறைமை என்னவென்று பார்க்கிறது. கடைசியாக அதற்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து நம் முன் வைக்கிறது. இந்தக் கண்ணிகளில் எது அறுந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரே விளைவுதான்: பெட்டி தெரியவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘போய்விட்டதா?’ என்பதாக இருக்கக்கூடாது. ‘எந்தக் கண்ணியில் அறுந்தது?’ என்றே இருக்கவேண்டும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். வெளியே வைத்துப் பயன்படுத்தும் வன்தட்டுகள் இருவகை. மூன்றரை அங்குல வட்டைக் கொண்ட பெரிய பெட்டிகளுக்குத் தனி அடாப்டர் உண்டு. அடாப்டர் பழுதானால் விளக்குகூட எரியாமல் போகலாம். உள்ளே வட்டு நலமாகவே இருக்கும். அந்த இடத்தில் அளவு பொருந்தாத வேறொரு அடாப்டரைச் செருகுவது மட்டும் கூடாது. வோல்ட் அளவும் முனைகளின் திசையும் பெட்டியில் குறித்தபடியே இருக்கவேண்டும். இரண்டரை அங்குல வட்டைக் கொண்ட சிறிய பெட்டிகள் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 துளை தரக்கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர். 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 துளை தரவேண்டியது 900 மில்லி ஆம்பியர். பல சிறிய வன்தட்டுகள் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் 500ஐவிடக் கூடுதலாகக் கேட்கும். மேசைக் கணினியின் முன்பக்கத் துளை, நீளமான கேபிள், நாலைந்து கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஹப் ஆகியவற்றில் அந்த அளவு கிடைக்காமல் போவது சகஜம். வட்டு சுழல எத்தனித்து, முடியாமல் நின்று, மீண்டும் எத்தனிக்கும். அதைக் கேட்கிறவர்கள் வட்டு இறந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பசியோடு இருக்கிறது.

எனவே ஹப்பை நீக்கிவிட்டுக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். அடுத்து கேபிளை மாற்ற வேண்டும். பெட்டியோடு வந்த கேபிள்தானே என்று அதை நம்பிவிடுவது பெரிய தவறு. யூஎஸ்பி 3.0 வன்தட்டுகள் பலவற்றில் இருக்கும் அந்த அகலமான தட்டை முனை, நாளடைவில் தளர்ந்துவிடும் இயல்புடையது. கொஞ்சம் அசைந்தாலும் தொடர்பு அறும். புதிய சி வகைக் கேபிள்களில் வேறொரு சிக்கல் உண்டு. சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டும் பயன்படுபவையும் தரவைக் கடத்துபவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கேபிளுக்குப் பிறகு கணினியை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது கணினியில் வட்டு தெரிந்தால் நோய் முதல் கணினியில் இருக்கிறது. இவ்வளவையும் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டியது, காதால் கேட்பது. சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டு நலமாக இருந்தால் மெல்லிய, சீரான ஓர் இரைச்சல் எழும். பெட்டியைக் கைவிரலால் தொட்டால் லேசான அதிர்வு தெரியும். ‘டிக், டிக்’ என்று ஒரே இடைவெளியில் தட்டும் ஓசை கேட்டால் கதை வேறு. தட்டைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அந்த முனை தட்டின் பரப்பைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டு படிக்கிறது. பழுதான முனை தட்டில் உரசினால், நம் எழுத்தை ஏந்தியிருக்கும் காந்தப் படலமே சுரண்டப்பட்டுவிடும். ஆகவே தட்டும் ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். இன்னொருமுறை பார்ப்போமே என்று செருகும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடக்கூடும்.

ஓசை சீராக இருந்தும் சின்னம் தோன்றவில்லையென்றால், விண்டோஸ் கணினியில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற சாளரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வழக்கமான கோப்புச் சாளரத்தில் தெரியாத வட்டுகளும் இங்கே தெரியும். மாக் கணினியில் இதற்கு ‘டிஸ்க் யுடிலிட்டி’. அதில் எல்லாக் கருவிகளையும் காட்டு என்ற தேர்வைக் கொடுக்க வேண்டும். இந்தச் சாளரத்தில் பார்க்க மட்டுமே செய்யவேண்டும், அங்கிருக்கும் எதையும் அழுத்தக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்வோம். ஏனெனில் அழிக்கும் பொத்தான்களும் இங்கேயேதான் இருக்கின்றன.

அங்கே காணக்கூடிய காட்சிகள் சில. வட்டு நலமென்று காட்டியும் அதற்கு டிரைவ் எழுத்து இல்லாமல் இருக்கலாம். அல்லது அலுவலக வலைப்பின்னலில் ஏற்கனவே புழங்கும் எழுத்தோடு மோதியிருக்கலாம். புதிதாக ஓர் எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது காட்சி, வட்டு ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவது. இதையும் சொடுக்கி மீட்டுவிடலாம். மூன்றாவது, பிற இயங்குதளத்தில் உருவான வட்டு. மாக் கணினிக்கென்றோ லினக்ஸுக்கென்றோ அமைக்கப்பட்ட வட்டை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாததை அது தெரியாது என்று சொல்லாமல், பார்மட் செய்யட்டுமா என்றே கேட்கும். வெளியூர் நண்பரிடமிருந்து முழுக்க நலமாக வந்துசேர்ந்த வட்டும் இந்த ஒரு கேள்வியால் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. நான்காவது, கோப்பு முறைமை ‘ரா’ என்று குறிக்கப்பட்டிருப்பது. அதாவது அளவு தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான பொருளடக்கம் சிதைந்திருக்கிறது. முறையாக விடுவிக்காமல் கேபிளைப் பிடுங்குவதும் நடுவில் மின்சாரம் போவதும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. ஐந்தாவது, வட்டைத் துவக்கி வைக்கட்டுமா என்று கேட்பது. பிரிவு அட்டவணையையே படிக்க முடியவில்லை என்று இதற்குப் பொருள். இதற்கும் சரி என்று சொல்லிவிடக்கூடாது.

அந்தக் கேள்விக்கு வருவோம். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடாமல் நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று விதி இருப்பதாகவும், அங்கே அப்படியே செய்துவிட்டதாகவும் கேட்டு மனம் வெதும்பியதை எழுதியிருக்கிறார். ஏடுகளை எரித்தவர்களுக்குத் தமிழ்மீது பகையொன்றும் இருந்திருக்காது. அப்படிச் செய்யவேண்டும் என்று யாரோ சொன்னார்கள், சொன்னதைச் செய்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கணினியின் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்துகிற விரலும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. கேள்வியை எழுப்பும் நிரலுக்கு உள்ளே ‘எழுத்து’ இதழ் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது, தன்னால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே. படிக்கத் தெரியாதவர் நமக்குச் சொல்லும் யோசனையை நாம் ஏன் ஏற்கவேண்டும்?

அழுத்திவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. விரைவு பார்மட் என்பது பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிய வெற்றுப் பொருளடக்கத்தை ஒட்டுவது போன்றது. உள்ளே இருக்கும் பக்கங்கள், அவற்றின்மேல் வேறெதுவும் எழுதப்படாத வரை, பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, முழு பார்மட் வட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அதன்பின் எந்த மென்பொருளாலும் எதையும் மீட்கமுடியாது. சுழலும் தட்டுகள் இல்லாத எஸ்எஸ்டி வகையில், அழித்த இடத்தை உள்ளிருக்கும் மின்சுற்றே துடைத்துவைக்கும் வசதி பலவற்றில் இருப்பதால், விரைவு பார்மட்கூட ஆபத்தானதே. பார்மட் செய்த வட்டில் இன்னொரு கோப்பையும் சேமிக்காமல் உடனே கழற்றி வைப்பதுதான் அந்நிலையில் செய்யக்கூடிய உதவி.

இனி மீட்பு. இதில் நாங்கள் வலியுறுத்துவது ஒரே வரிசையை: முதலில் பிரதி எடுப்பது, பிறகு பழுதுபார்ப்பது. பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு. வட்டு தடுமாறுகிறது என்றதும் விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ நிரலை ஓடவிடுகிறார்கள். அது நல்ல நிரல்தான். ஆனால் கோப்பு முறைமையை ஒழுங்குக்குக் கொண்டுவருவதே அதன் வேலை, நம் கோப்புகளைக் காப்பாற்றுவது அன்று. ஒழுங்குக்காக அது சிதைந்த குறிப்புகளை வெட்டியெறியும். சில கோப்புகள் பெயரிழந்து துண்டுகளாக வேறொரு உறையில் போய் விழும். வட்டே நலிந்திருக்கும்போது அதன்மேல் எழுதவைக்கும் எந்த வேலையும் நோயாளியை மாடிப்படி ஏறச்சொல்வதற்குச் சமம்.

இதற்குச் சரியான வழி, நலமான வேறொரு வட்டில் மொத்தத்தையும் அச்சாக நகல் எடுத்துக்கொள்வதே. லினக்ஸில் இயங்கும் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கட்டற்ற மென்பொருள் இதை அழகாகச் செய்கிறது. படிக்க எளிதான பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்து, கடைசியில்தான் அவற்றிடம் திரும்பிவருகிறது. பூச்சியரித்த சுவடியில் தெளிவான ஏடுகளை முதலில் படியெடுத்துவிட்டு, சிதைந்தவற்றைப் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் முறையும் இதுவே. லினக்ஸ் நிறுவாத கணினியிலும் ஒரு பென் டிரைவிலிருந்து அதை இயக்க முடியும். நகல் கிடைத்தபிறகு, மூலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நகலின்மீது ‘டெஸ்ட்டிஸ்க்’ கொண்டு தொலைந்த பிரிவு அட்டவணையைத் தேடலாம். அதுவும் பலிக்கவில்லையென்றால் ‘போட்டோரெக்’ இருக்கிறது. அது பொருளடக்கத்தைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு கோப்பு வகையும் தொடங்கும் விதத்தை வைத்து அவற்றைப் பொறுக்கியெடுக்கும். கோப்பின் பெயரும் உறையும் திரும்பி வாரா, பக்கங்கள் வரும். பெயரில்லாத ஆயிரம் பக்கங்களை அடுக்கி வரிசைப்படுத்துவது இலக்கிய வாசகனுக்குப் புதிய வேலையுமன்று. இவ்விரண்டு மென்பொருள்களும் காசின்றிக் கிடைப்பவை.

பெட்டியையே பிரிக்கலாமா என்ற கேள்வி எழும். இரண்டு பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளியே இருப்பது பிளாஸ்டிக் கூடு. உள்ளே இருப்பது உலோக வன்தட்டு. இரண்டையும் இணைக்கும் மின்சுற்றுப் பலகை மட்டும் பழுதாகியிருந்தால், பல பெட்டிகளில் உள்ளிருக்கும் வன்தட்டை எடுத்து வேறொரு கூட்டில் பொருத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் சில தயாரிப்புகளில் யூஎஸ்பி முனையே வன்தட்டின் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அந்தப் பலகை தரவை மறையாக்கியே எழுதுகிறது; பலகையை நீக்கினால் வட்டு வெறும் குழப்பமாகத்தான் தெரியும். அதனால் கூட்டைத் திறக்கும் முன் அந்த மாதிரி எந்த வகையென்று விசாரிக்க வேண்டும். உலோக வன்தட்டை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. மிதக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியோடு ஒப்பிட்டால் நம் வீட்டுத் தூசி ஒரு மலை. குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தால் உயிர்பெறும் என்ற பழைய கைவைத்தியத்தையும் மறந்துவிட வேண்டும். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்வதுதான் அதில் மிஞ்சும்.

தட்டும் ஓசை எழுந்த வட்டை, தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணரிடம்தான் கொடுக்கவேண்டும். கட்டணம் சிறியதாக இராது. உள்ளே இருப்பது வேறெங்கும் இல்லாததா என்று யோசித்து முடிவு செய்யலாம். பணம் சேரும்வரை வட்டை மின்சாரம் கொடுக்காமல் உறையிலிட்டு வைப்பதில் தவறில்லை. பலமுறை முயன்று பார்ப்பதைவிட அது மேல். தெருமுனைக் கணினிக் கடைக்குக் கொண்டுசெல்கிறவர்கள் ஒன்றை வாய்விட்டுச் சொல்லவேண்டும்: ‘எனக்கு வட்டு வேலை செய்ய வேண்டியதில்லை, உள்ளே இருப்பதுதான் வேண்டும், கேட்காமல் பார்மட் செய்துவிடாதீர்கள்.’ சொல்லாவிட்டால் அவர் தமக்குத் தெரிந்த முறையில் வட்டை வேலை செய்யவைத்து, காலியாகத் திருப்பித் தருவார். அவர்மேல் பிழையில்லை. எதை நாம் மதிக்கிறோம் என்பதை அவர் எப்படி அறிவார்?

வட்டு மீண்ட பிறகும் ஓர் அடையாளச் சிக்கல் காத்திருக்கலாம். 1990களிலும் 2000த்தின் தொடக்க ஆண்டுகளிலும் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் இருக்கின்றன. கோப்பு சிதையாமல் திறக்கும். ஆனால் திரையில் பொருளற்ற குறிகள் நிரம்பியிருக்கும். இதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கெடவில்லை, அதற்குரிய எழுத்துருவை நிறுவினாலோ, யூனிகோடுக்கு மாற்றும் செயலியில் இட்டாலோ தமிழ் திரும்ப வந்துவிடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால நூல்கள் பலவும்கூட டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டவையே. தெரியவில்லை என்பதை இல்லை என்று புரிந்துகொள்ளும் அதே அவசரம்தான் இங்கும் கேடு செய்கிறது.

இவ்வளவும் நோய் வந்தபின் செய்யும் சிகிச்சை. எங்களுக்கு உண்மையில் கவலை தருவது அதற்கு முந்தைய நிலைமை. ஓர் அரிய இதழின் முழுத்தொகுப்பு தம்மிடம் இருப்பதாகப் பெருமையோடு சொல்லும் நண்பர்களிடம் எத்தனை பிரதி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்று என்ற பதிலே வரும். ஒரே வன்தட்டில் இருக்கும் ஒரே பிரதியைச் சேமிப்பு என்று சொல்லக்கூடாது. அது ஒத்திவைக்கப்பட்ட இழப்பு. பனையோலை பல தலைமுறை தாங்கும் என்றிருந்தும், நம் முன்னோர் ஓலையை மட்டும் நம்பவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை உட்கார்ந்து படியெடுத்தார்கள். நம்மிடம் உள்ள பண்டைய நூல்கள் எல்லாம் முதல் ஓலையில் பிழைத்தவை அல்ல, படிகளில் பிழைத்தவை. வன்தட்டின் ஆயுளோ சில ஆண்டுகள். அதில் இருப்பதைப் படியெடுக்க யாரும் இரவெல்லாம் எழுத்தாணி பிடிக்கவேண்டியதில்லை. இன்னொரு வட்டைச் செருகி ஓரிரவு விட்டுவைத்தால் போதும். இத்தனை எளிதாகிவிட்ட ஒன்றை நாம் செய்யாமலிருப்பதுதான் விந்தை.

ஒற்றை இடத்தில் குவிந்திருப்பது எவ்வளவு நொய்மையானது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சாம்பலானவை ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அந்த நினைவின் நிழலில்தான் 2005இல் ஈழத்து எழுத்தை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் திட்டம் எழுந்தது. இந்தப் பக்கம், கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை 1992இல் அவர் மறைந்தபின் சிதறிப்போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அவை சென்னைக்கு வந்து 1994இல் ஆராய்ச்சி நூலகமாகி, நுண்படங்களாகவும் பெருகின. தனிமனிதரின் சேகரிப்பு பொதுவுடைமையாகப் பிழைத்த கதை அது. நம் வீட்டுக் கறுப்புப் பெட்டிகளுக்கும் அந்த வழிதான் நல்ல வழி.

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, காப்புரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. எனவே பிறருக்குக் கொடுக்கத் தயங்குகிறோம் என்கிறார்கள். தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் வெளியிடுவது வேறு, அழியாமல் வைத்திருப்பது வேறு. இணையத்தில் ஏற்றாமலே தம் சொந்த இரண்டாவது வட்டைத் தம்பி வீட்டிலோ ஊரிலிருக்கும் பெற்றோர் வீட்டிலோ வைக்கலாம். ஆவணக் காப்பகத்திடம் பேசி முறையாக ஒப்படைக்கலாம். இரண்டாவது வாதத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அரிய தொகுப்பு தன்னிடம் மட்டுமே இருக்கும்வரைதான் தனக்கு மதிப்பு என்ற எண்ணம் அது. ஏடு வைத்திருந்தும் காட்ட மறுத்த வீடுகளில் கடைசியில் கரையானுக்கே அவை பயன்பட்டன. பெட்டியைப் பூட்டிவைக்கிறவர்களுக்கு நாம் இதைத் தவிர வேறென்ன சொல்லமுடியும்?

நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். மேகச் சேமிப்பு அந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். தனியாக அதை மட்டும் நம்புவதும் ஒற்றைப் பெட்டியை நம்புவதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டுகளைச் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பார்ப்பது, வட்டின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்’ அளவுகளில் பேட் செக்டர்கள் கூடியிருக்கின்றனவா என்று நோக்குவது, கழற்றும் முன் முறையாக விடுவிப்பது, பெட்டியின்மேல் உள்ளிருப்பவற்றின் பட்டியலைத் தாளில் எழுதி ஒட்டுவது ஆகிய நான்கையும் பழக்கமாக்கிக்கொண்டால் பாதி விபத்துகள் விபத்தாகவே இரா. பட்டியல் ஒட்டிய பெட்டியை நமக்குப் பின் வருகிறவர்கள் குப்பையில் போடத் தயங்குவார்கள் என்பது கூடுதல் பயன்.

இழுப்பறைகளில் செத்ததாகக் கருதிப் போட்டுவைத்த வன்தட்டுகள் பல வீடுகளில் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு ஒரு புதிய கேபிளே போதுமாயிருக்கலாம். இந்த வார இறுதியில் அவற்றை எடுத்து, பின்பக்கத் துளையில் செருகி, காதுகொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். தட்டும் ஓசை எழுந்தால் உடனே கழற்றிவிடலாம். எழுந்து வருபவற்றை முதல் வேலையாகப் படியெடுக்கலாம். கணினி அந்தக் கேள்வியைக் கேட்டால், ‘வேண்டாம்’ என்ற பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது.